ஹைபிரிட் கார் மோதினால் கரண்ட் எங்கே போகும்?

"அக்வா அடிபட்டுக் கிடக்கு, கிட்டப் போகாதீங்க, பாடியில கரண்ட் வரும்."

கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று தெற்கே ஓடும் ஏ4 வீதியில் ஒரு ஹைபிரிட் கார் மோதி நின்றால், கூடுகிற சனத்தில் ஒருவராவது இப்படிச் சொல்லுவார். பயப்படக் காரணம் இருக்கிறது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவின் பின் சீட்டுக்குக் கீழே இருக்கும் பற்றரி 144 வோல்ட். அதை இன்வெர்ட்டர் 520 வோல்ட் வரை ஏற்றித்தான் மோட்டாருக்குக் கொடுக்கிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் பற்றரி 201.6 வோல்ட், ஏற்றிய பிறகு 650. இவ்வளவும் உண்மை. பாடியில் கரண்ட் வரும் என்பதுதான் சரியல்ல. ஏன் வராது, எந்த நிலையில் வரக்கூடும், அதைச் சோதிக்க ஆய்வுகூடத்தில் என்ன செய்கிறார்கள், கராஜில் எதைத் தவறவிட்டால் அந்தப் பாதுகாப்பு கழன்றுபோகும் என்று பார்ப்போம்.

எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் நிறைய ஓடும் சுசுகி வேகன் ஆர் 'மைல்ட் ஹைபிரிட்' வகை. அதன் துணைப் பற்றரியும் 12 வோல்ட்தான். ஆளைத் தாக்கும் அளவுக்கு அதில் மின்னழுத்தம் இல்லை. பற்றரி தரும் நேரோட்டத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் சட்டம் அதை 'உயர் அழுத்தம்' என்று கணக்கில் எடுக்கிறது. அக்வா, பிரியஸ், அக்ஸியோ ஹைபிரிட், ஹொண்டா ஃபிட், வெசல் எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. அடையாளம் எளிது: பொனட்டைத் திறந்தால் தடித்த செம்மஞ்சள் வயர் தெரியும்.

பாடியோடு ஒட்டாத சுற்று

சாதாரண 12 வோல்ட் பற்றரியின் மைனஸ் முனை பாடியோடு பூட்டப்பட்டிருக்கும். இரும்புப் பாடியே திரும்பி வரும் வயராக வேலை செய்கிறது. உயர் அழுத்தச் சுற்றில் அப்படி இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டுமே செம்மஞ்சள் வயருக்குள் தனியாக ஓடுகின்றன. இரண்டில் எதுவும் பாடியைத் தொடுவதில்லை. மோதலில் பிளஸ் வயர் மட்டும் நசுங்கிப் பாடியில் முட்டினாலும், மைனஸுக்குத் திரும்பிப் போகப் பாதை இல்லாததால் மின்சாரம் ஓடாது. கரண்ட் கம்பியில் காகம் உட்கார்ந்திருப்பது மாதிரிதான். ஆபத்து வருவதற்கு இரண்டு இடத்தில் பழுது வேண்டும்: ஒரு முனை பாடியைத் தொட்டிருக்க வேண்டும், மற்ற முனையை நீங்கள் தொட வேண்டும்.

ஒரு பழுது வந்தவுடனேயே கார் அதைக் கண்டுபிடிக்கிறது. பற்றரிப் பெட்டிக்குள் இருக்கும் கம்பியூட்டர், உயர் அழுத்தச் சுற்றுக்கும் பாடிக்கும் இடையிலான மின்தடையை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். தடை குறைந்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஸ்கேனரில் பார்த்தால் டொயோட்டாக்களில் பி0ஏஏ6 என்ற குறி வரும். வண்டி அப்போதும் ஓடும், அதனால் பலர் விளக்கை அழித்துவிட்டு ஓடுகிறார்கள். முதல் பழுதோடு ஓடும் காருக்கு அடுத்த மோதல் இரண்டாம் பழுதைக் கொடுத்தால் மிச்சமாகப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை.

இந்தக் குறி வர மோதல்தான் வேண்டும் என்றில்லை. ஏசி கொம்ப்ரசரும் இந்த வண்டிகளில் உயர் அழுத்தத்தில்தான் சுழல்கிறது. மோட்டாரும் எண்ணெயும் ஒரே உறைக்குள் இருப்பதால் அதற்கென்று மின்சாரம் கடத்தாத ஒரு தனி எண்ணெய் உண்டு. ஏசி கேஸ் நிரப்பும்போது சாதாரண கார்களுக்குப் போடும் எண்ணெயைச் சேர்த்தால், கொஞ்சம் கலந்தாலே தடை இறங்கிவிடும். அதே கொம்ப்ரசர் ரேடியேட்டருக்குப் பின்னால் தாழ இருப்பதால், முன்பக்கம் கொஞ்சம் பலமாக அடிபட்டாலே முதலில் நசுங்கும் உயர் அழுத்தப் பாகமும் அதுதான். பம்பரும் ரேடியேட்டரும் மாற்றிய பிறகு கொம்ப்ரசரின் செம்மஞ்சள் பிளக்கைத் தடை மீற்றரால் அளக்காமல் வண்டியைக் கொடுப்பது பாதி வேலைதான்.

தென்னை உயரத்திலிருந்து விழுவது

மின்சாரத்துக்கு முன்னால் இரும்பு. ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி 94 இன்படி கார் மணிக்கு 56 கிலோமீற்றர் வேகத்தில், முன்முகத்தின் 40 வீதம் மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய அலுமினியத் தேன்கூட்டுத் தடுப்பில் மோதவிடப்படும். 56 கிலோமீற்றர் என்பது ஊருக்குள் ஓடும் வேகம்தானே என்று தோன்றும். அதே வேகத்தை விழுந்து எடுக்க வேண்டுமென்றால் 12 மீற்றர் உயரத்திலிருந்து காரை மூக்குக் குப்புறப் போட வேண்டும். ஏறாவூர்ப் பக்கத்து நெட்டைத் தென்னை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே அனுமதிக்கப்பட்ட 70 கிலோமீற்றருக்கு அந்த உயரம் 19 மீற்றர். வேகம் இரட்டித்தால் சக்தி நாலு மடங்கு என்பதால்தான் இப்படி ஏறுகிறது.

அந்தச் சக்தியை எங்காவது செலவழிக்க வேண்டும். முன்பக்கத்தில் இரண்டு நீளச் சட்டங்கள் உண்டு. டின்கரிங் செய்பவர்கள் சேசிஸ் லெக் என்பார்கள். மடிந்துகொண்டே போகும்படி அவற்றில் வேண்டுமென்றே பள்ளங்களும் துளைகளும் வைத்திருப்பார்கள். முன்பக்கம் 60 சென்ரிமீற்றர் மடிந்து கார் நின்றால், உள்ளே இருப்பவருக்குச் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு இழுவை. 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 1.4 தொன். அந்த நேரத்தில் சீட் பெல்ட் தாங்கிப் பிடிப்பது அதைத்தான். 20 சென்ரிமீற்றர் மட்டும் மடிந்தால் 60 மடங்கு. எயார்பேக்காலும் அதை முழுதாக ஈடுகட்ட முடியாது. மடியும் முன்பக்கமும் மடியாத அறையும் என்ற இந்த யோசனைக்கு மெர்சிடிஸ் பொறியியலாளர் பெலா பாரெனி காப்புரிமை பெற்று எழுபது வருடத்துக்கு மேலாகிறது. ஆட்கள் இருக்கும் அறை நசுங்கக்கூடாது என்பதால் நடுத் தூண்களுக்கு, சாதாரணத் தகட்டைவிட ஐந்து மடங்கு வலிமையான, சூடாக அச்சிட்ட உருக்கைப் போடுகிறார்கள்.

ஹைபிரிட்டில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. முன்பக்கத்தில் எஞ்சினோடு இன்வெர்ட்டர் என்ற கனமான அலுமினியப் பெட்டியும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது மடியாது, ஆகவே மடிய இருக்கும் இடம் குறைவு. பின்னால் பற்றரி. 40 கிலோ பற்றரி என்று வைத்துக்கொண்டால், 20 மடங்கு இழுவையில் அது 800 கிலோ பாரத்தோடு முன்னால் வரப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது சில போல்ட்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். பழைய அக்வா, பிரியஸ்களுக்கு பற்றரி செல் மாற்றுவது இப்போது ஊருக்கு ஊர் நடக்கும் வேலை. பெட்டியை இறக்கி, பலவீனமான செல்களைப் பிடுங்கி, வேறு செல் போட்டுத் திரும்பப் பூட்டுகிறார்கள். போல்ட் ஒன்று இரண்டு குறைந்தாலும் வண்டி ஓடும், விளக்கும் எரியாது. மோதினால்தான் தெரியும். போல்டை விடவும் கவனிக்காமல் போவது பெட்டியின் உலோக உறையைப் பாடியோடு இணைக்கும் எர்த் இணைப்பு. உறைக்கும் பாடிக்கும் இடையிலான தடை 0.1 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. துருவின் மேலோ புதுப் பெயின்ட்டின் மேலோ அந்த போல்டை முறுக்கினால் இணைப்பு பெயருக்குத்தான். கடலுக்குச் சில நூறு மீற்றரில் வண்டி நிற்கும் கல்லடி, நிந்தவூர், திருக்கோவில் மாதிரி ஊர்களில் உப்புக் காற்று இந்த இடத்தைச் சீக்கிரம் தின்னும். கம்பித் தூரிகையால் உலோகம் மின்னும்வரை தேய்த்துவிட்டுப் பூட்டுவது ஐந்து நிமிட வேலை.

எயார்பேக் பெட்டிக்கு இன்னொரு வேலை

பற்றரிக்குள் 'மெயின் ரிலே' என்ற சுவிட்சுகள் இருக்கின்றன. பவர் பட்டனை அழுத்தி ரெடி விளக்கு வரும்போது பின்னால் 'டக்' என்று கேட்பது அவை மூடும் சத்தம். அவற்றை மூடி வைத்திருப்பது 12 வோல்ட் கரண்ட். அது நின்றால் ஸ்பிரிங் இழுத்து ரிலே திறந்துவிடும்; பற்றரி தன் பெட்டிக்குள் தனித்துப் போகும். கையை எடுத்தால் தானாக மூடும் தண்ணீர்க் குழாய் மாதிரி, பழுதானால் பாதுகாப்பான பக்கம் விழும் அமைப்பு.

மோதலில் யார் அதைத் திறப்பது? கியர் லீவரைச் சுற்றிய நடுப்பகுதியில் பாடியோடு பூட்டியிருக்கும் எயார்பேக் கம்பியூட்டர். மோதித் தொட்ட கணத்திலிருந்து 15 முதல் 30 மில்லிநொடிக்குள் அது முடிவெடுத்து, சீட் பெல்ட்டை இறுக்கி, எயார்பேக்கை வெடிக்கவைத்து, கூடவே ஹைபிரிட் கம்பியூட்டருக்கு 'மோதிவிட்டது' என்று சொல்கிறது. உடனே ரிலே திறக்கிறது. பெற்றோல் பம்பும் நிற்கிறது.

எயார்பேக் விளக்கு எரிந்தபடி ஓடும் ஹைபிரிட் இரட்டை ஆபத்து என்று சொல்வது இதனால்தான். பலர் அதை 'பேக் மட்டும் வேலை செய்யாது' என்று எண்ணுகிறார்கள். உயர் அழுத்தத்தை வெட்டும் செய்தியும் வராமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. வெடித்த பேக்கை மாற்றாமல், ஸ்டியரிங் மூடியை ஒட்டி, வயரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு விளக்கை அணைத்து விற்பது இன்னும் மோசம். வாங்குவதற்கு முன் பார்க்க ஒரு வழி: பவர் போடும்போது எயார்பேக் விளக்கு சில நொடி எரிந்து தானாக அணைய வேண்டும். எரியவே எரியாவிட்டால் பல்பையே கழற்றியிருக்கிறார்கள். ஸ்கேனர் போட்டு மோதல் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. ஜப்பானிலிருந்து வந்த வண்டியென்றால் ஏலத் தாளில் 'ஆர்' தரம் போட்டிருந்தால் அது விபத்துக்குப் பின் திருத்திய வண்டி.

ரிலே திறந்த பிறகும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். 1,000 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் 650 வோல்ட்டில் நிரம்பியிருந்தால் 211 ஜூல் சக்தி. மோதலுக்குப் பின் கையில் படக்கூடிய சக்தி 0.2 ஜூலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது விதி. ஆயிரம் மடங்கு வித்தியாசம். மோதிய வண்டியில் இதை வேகமாக வடித்துவிட ஏற்பாடு உண்டு. கராஜில் வேலை செய்பவர்கள், பற்றரிச் சுற்றைக் கையால் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிவிட்டு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டொயோட்டா சொல்வதும் இதற்காகத்தான். தேநீர் குடித்துவிட்டு வந்து, மீற்றரால் அளந்து, பிறகு கை வைக்கலாம்.

மோதவிட்ட பிறகுதான் வேலை தொடங்கும்

மோதல் சோதனை வீடியோக்களில் நாம் பார்ப்பது ஒரு நொடிக்கும் குறைந்த காட்சி. உள்ளே இருக்கும் பொம்மைக்கு 'ஹைபிரிட் 3' என்று பெயர். ஹைபிரிட் காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 1970களில் வைத்த பெயர். 78 கிலோ, மார்பு எவ்வளவு அமுங்கியது என்று அளக்கும் கருவி, தொடையில் விசை அளக்கும் கருவி. தலை எங்கே முட்டியது என்று தடம் தெரிய முகத்தில் வர்ணம் பூசியிருப்பார்கள். பெற்றோல் தாங்கியில் பெற்றோலுக்குப் பதில் தண்ணீர் நிரப்பலாம். மோதிய பின் ஒழுக்கு நிமிடத்துக்கு 30 கிராமுக்கு மேல் போகக்கூடாது; ஒவ்வொரு வரிசைச் சீட்டுக்கும் ஒரு கதவாவது கருவி இல்லாமல் திறக்க வேண்டும்.

ஹைபிரிட்டுக்கு இதன் மேல் மின்சாரப் பரீட்சை. நான்கு வழிகளில் ஒன்றிலாவது சித்தியடைய வேண்டும். ஒன்று, மோதி ஒரு நிமிடத்துக்குள் அழுத்தம் 60 வோல்ட்டுக்குக் கீழே வந்திருக்க வேண்டும், மாறுமின்னோட்டமானால் 30. அல்லது மேலே சொன்ன 0.2 ஜூல். அல்லது நசுங்கிய பாகங்களின் இடுக்குகளில் 12 மில்லிமீற்றர் தடிப்பும் 80 மில்லிமீற்றர் நீளமும் உள்ள, மனித விரல் மாதிரி மூட்டு வைத்த உலோக விரலை நுழைத்துப் பார்த்தால் மின்சாரப் பாகம் எதையும் அது தொடக்கூடாது. அந்தக் கிழிந்த தகரங்களுக்கிடையே ஒருவர் குனிந்து, வளைத்து வளைத்து விரலை விட்டுப் பார்ப்பதுதான் இந்தப் பரீட்சை. நான்காவது, சுற்றுக்கும் பாடிக்கும் இடையிலான காப்புத் தடை: ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம். அக்வாவின் 144 வோல்ட் பற்றரிக்குக் குறைந்தது 14,400 ஓம். இந்த 100 எங்கிருந்து வந்தது? அவ்வளவு தடை இருந்தால், ஒருவர் உடம்பு வழியாக 10 மில்லி அம்பியருக்கு மேல் நேரோட்டம் ஓட முடியாது. இவற்றோடு, பற்றரித் திரவம் ஆட்கள் இருக்கும் அறைக்குள் சிந்தக்கூடாது. உள்ளே பூட்டிய பற்றரி இடத்தை விட்டு நகரக்கூடாது.

அமெரிக்க விதிகளில் பின்னாலிருந்து 80 கிலோமீற்றரில் மோதவிடும் சோதனையும் உண்டு. பற்றரி பின்பக்கம் இருக்கும் வண்டிகளுக்கு அது முக்கியம். 2013 க்குப் பின் வந்த ஹொண்டா ஃபிட்டிலும் வெசலிலும் லிதியம் பற்றரி டிக்கித் தரைக்குக் கீழே இருக்கிறது. அக்வாவில் பின் அச்சுக்கு முன்னால், சீட்டுக்குக் கீழே. பின் மோதலில் அக்வாவின் இடம் இன்னும் பாதுகாப்பானது. பற்றரியைத் தனியாகக் கழற்றியும் சோதிப்பார்கள்: ஒழுங்குவிதி 100 இன்படி 100 கிலோநியூட்டன், அதாவது 10 தொன்னளவு விசையில் நசுக்குவது, எரியும் பெற்றோல் தட்டுக்கு மேல் 70 நொடி நேரடியாகப் பிடிப்பது என்று.

இத்தனைக்குப் பிறகும் தப்பிய ஒன்று 2011 இல் நடந்தது. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் செவ்ரொலெட் வோல்ட் என்ற, வீட்டு பிளக்கிலும் சார்ஜ் செய்யக்கூடிய 'பிளக் இன்' ஹைபிரிட்டைப் பக்கவாட்டில் ஒரு கம்பத்தில் மோதவிட்டார்கள். சோதனையில் நல்ல புள்ளி. மூன்று வாரம் கழித்து, முற்றத்தில் சும்மா நின்ற அந்தக் கார் தீப்பிடித்து, பக்கத்தில் நின்ற வண்டிகளையும் எரித்தது. காரணம் தேடியபோது, பற்றரி உறை துளைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பெற்றோல் ஒழுகுகிறதா என்று பார்க்கக் காரைப் புரட்டியபோது குளிரூட்டும் திரவம் மின் இணைப்புகளில் சிந்திக் காய்ந்து மெல்ல மெல்லக் குறுக்குச் சுற்று உண்டாக்கியிருக்கிறது. பற்றரியில் அப்போதும் மின்சாரம் நிறைந்திருந்தது. 2012 தொடக்கத்தில் நிறுவனம் பற்றரியைச் சுற்றிய இரும்பைப் பலப்படுத்தியது. திரவ மட்டத்தைப் பார்க்க உணரியும் வைத்தது. மோதல் முடிந்தாலும் பற்றரியின் கதை முடிவதில்லை என்பதைத் துறை கற்றது அப்போதுதான்.

சோதனைத் தடுப்பு வேறு, நம் வீதி வேறு

சோதனையில் மோதவிடும் தடுப்பு தரையோடு நிற்கிறது, சேசிஸ் லெக்குக்கு நேரே. நம் வீதியில் அறுவடைக் காலத்து இரவில், விளக்கில்லாமல் நெல் மூட்டையோடு நிற்கும் உழவு இயந்திரப் பெட்டியின் பின் விளிம்பு பொனட்டுக்கு மேல் வருகிறது. கார் அதற்குக் கீழே நுழையும். மடிய வேண்டிய சட்டங்கள் தொடப்படவே மாட்டா. முதலில் தாங்குவது கண்ணாடியும் முன் தூணும். முன் உணரிகளுக்குச் சரியான அடி படாததால் எயார்பேக் பிந்தலாம். மாட்டில் மோதுவதும் இதே வகை: கால்களை பம்பர் வாரும், உடம்பு கண்ணாடிக்கு வரும். எந்த நட்சத்திரப் புள்ளியும் இதைக் கணக்கில் எடுத்ததில்லை. இரவில் அம்பாறை, மஹாஓயாப் பக்கம் யானையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொள்ளும்.

கராஜ் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மடிந்த சேசிஸ் லெக்கை கேஸ் விளக்கால் சூடாக்கி இழுத்து நேராக்குவது பார்வைக்கு அழகு. சூடு பட்ட உயர்வலிமை உருக்கு வலிமையை இழக்கும். அடுத்த முறை அது எங்கே, எவ்வளவு மடியும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் துண்டை வெட்டி, நிறுவனம் காட்டிய இடத்தில் புதுத் துண்டு பற்றவைப்பதே முறை. பற்றவைக்கும் முன் 12 வோல்ட் பற்றரியையும் சேர்விஸ் பிளக்கையும் கழற்ற வேண்டும். தரைக்குக் கீழே ஓடும் செம்மஞ்சள் வயரின் உறை நசுங்கியிருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்கக்கூடாது, முழு வயரையே மாற்ற வேண்டும்.

இடத்தில் செய்ய வேண்டியது

சத்தமில்லை என்பதால் கார் அணைந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. ரெடி விளக்கு எரிந்தால் எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் தானாகத் தொடங்கும், வண்டி நகரும். டயருக்குக் கல்லோ கட்டையோ வையுங்கள். கியரை பி இல் போட்டு பவர் பட்டனை அழுத்துங்கள். ரெடி விளக்கு அணைந்ததைக் கண்ணால் பாருங்கள். ஸ்மார்ட் கீயை 5 மீற்றராவது தள்ளிக் கொண்டுபோங்கள். எட்டினால் 12 வோல்ட் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். பிரியஸில் அது டிக்கியின் வலப்பக்கம். அதற்குப் பிறகும் வெடிக்காத எயார்பேக் ஒன்றரை நிமிடம் உயிரோடு இருக்கலாம், ஆகவே ஸ்டியரிங்குக்கும் காயப்பட்டவருக்கும் நடுவில் தலையை நுழைக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கும்போதே ஹைபிரிட் என்று சொல்லிவிடுங்கள். ஆளை இழுத்தெடுக்க, பாடியைத் தொட, கதவைத் திறக்கப் பயப்பட வேண்டியதில்லை. செம்மஞ்சள் வயரையும் கிழிந்த பற்றரிப் பெட்டியையும் மட்டும் தொடாதீர்கள், வெட்டாதீர்கள்.

நிக்கல் பற்றரியிலிருந்து ஈரமாக ஏதாவது கசிந்திருந்தால் அது காரம், தோலை அரிக்கும். நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். லிதியம் பற்றரியிலிருந்து புகையோ சீறலோ வந்தால் காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நின்று, தீயணைப்புக்கு இடம் விடுங்கள். அதை அணைக்கத் தண்ணீர்தான் வேண்டும், வாளிக் கணக்கில் போதாது. மாரியில் வாவி பெருகித் தண்ணீரில் நிற்கும் ஹைபிரிட்டுக்கும் இதே விதி: பாடியில் கரண்ட் வராது, ஆனால் வடிந்த பிறகு பவர் பட்டனை அழுத்திப் பார்க்கக்கூடாது.

வண்டியை இழுத்துச் செல்லும்போது முன்சில்லு தரையில் சுழன்றால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் உண்டாக்கும். ஆகவே முன்பக்கத்தைத் தூக்கி, அல்லது முழு வண்டியையும் லொறித் தட்டில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். காப்புறுதிக்காரர் வந்து பார்க்கும்வரை அதைக் கராஜுக்குள், மற்ற வண்டிகளுக்கு நடுவில் நெருக்கி நிறுத்துவதுதான் வழக்கம். பற்றரி அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வெளியே, நாலு பக்கமும் 15 மீற்றர் வெறுமையாக விட்டு நிறுத்துங்கள். விஸ்கொன்சினில் அந்தக் கார் எரிந்தது மூன்று வாரம் கழித்துத்தான்.